ஏலத்துக்கு வரும் ஜப்பானிய லாக்கர் அலமாரிகள்: எது அசல், எது வெட்டி ஒட்டியது, எதைத் தொடக்கூடாது?

#1 — கீழ்த்திசைக்கப்பல்

லாக்கர் என்றால் இங்கே பூட்டுப்பெட்டி அல்ல, மரத்தின் மேல் அடுக்கடுக்காகப் பூசிப் பளபளக்கவைக்கும் பூச்சுவேலை. ஐரோப்பிய ஏலப் பட்டியல்களில் "ஜப்பான் லாக்கர் கேபினெட், 17-ஆம் நூற்றாண்டு" என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். அந்த வரிக்குள் நாலு விதமான சரக்கு ஒளிந்திருக்கலாம். ஜப்பானில் செய்து கப்பலேறியது ஒன்று. சீனாவில் செய்தது இன்னொன்று. லண்டன், பெர்லின், டிரெஸ்டன் பட்டறைகளில் அதைப் பார்த்துச் செய்த போலி மூன்றாவது. நாலாவதுதான் பலரும் கவனிக்காதது: ஜப்பானியப் பலகையை அறுத்து, மேல்தோலை மட்டும் உரித்து, பாரிஸில் புது உடம்பின் மேல் ஒட்டியது. நாலுக்கும் விலையும் வேறு, பராமரிப்பும் வேறு. பராமரிப்பை மாற்றிச் செய்தால் பொருள் போய்விடும்.

காலத்தை முதலில் வைத்துக்கொள்வோம். போர்த்துகீசியர் 1543-இல் ஜப்பானில் கால்வைத்தார்கள். சுமார் 1580 முதல் 1630 வரை அவர்களுக்காகச் செய்ததைத்தான் 'நம்பான்' பாணி என்கிறோம். வளைந்த மூடியுள்ள பேழைகள், முன்பலகை கீழே இறங்கும் எழுத்துப் பெட்டிகள், ஜெசூட் பாதிரியார்களுக்கான மடக்குப் புத்தகப்பீடங்கள், சிறு வழிபாட்டுக் கூடுகள். முகம் முழுக்க முத்துச்சிப்பியும் பொன்கோலமும், ஒரு விரல் வைக்க வெற்றிடம் இருக்காது. குஜராத்தின் சிப்பி வேலைப்பாடு போர்த்துகீசியர் வழியாக ஜப்பான் போனதன் சாயல் அதில் உண்டு.

1639-இல் போர்த்துகீசியரை விரட்டினார்கள். 1609 முதல் ஹிராடோவில் இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1641-இல் நாகசாகியின் தேஷிமா தீவுக்கு மாற்றப்பட்டது. டச்சுக்காரர் ரசனை வேறு. கறுப்பு வெளி அதிகம், சிப்பி குறைவு, மலை, மாடம், பாலம், பறவை எனப் படம்போல விரியும் பொன்வேலை. இரண்டு கதவு, உள்ளே பெரும்பாலும் பத்து இழுப்பறை என்ற அலமாரி வடிவம் இந்தக் காலத்தது. விலை ஏறிக்கொண்டே போனதால் நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியே அலமாரி வாங்குவதைக் கைவிட்டது. அதன்பின் வந்ததில் பெரும்பகுதி கம்பெனி ஊழியர்கள் சொந்தக் கணக்கில் கொண்டுவந்த சிறு பொருள்கள்.

உச்சத்துக்கு உதாரணம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் மசரின் பேழை. சுமார் 1640, கியோட்டோவின் கோஆமி மரபுப் பட்டறை வேலை என்று கருதப்படுகிறது. மசரின் குடும்பத்தின் சின்னம் பொறித்த பிரெஞ்சுச் சாவி அதோடு இருப்பதால் அந்தப் பெயர். பெக்ஃபோர்டு என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர், பிறகு ஹாமில்டன் பிரபு குடும்பம் என்று கைமாறி, 1882 ஹாமில்டன் அரண்மனை ஏலத்தில் மியூசியத்துக்கு வந்தது. அதே ஏலத்தில் போன இன்னொரு பெரிய பேழை 1941-க்குப் பின் கண்ணில் படவில்லை. 1970-இல் லண்டனில் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் அதை 100 பவுண்டுக்கு வாங்கி, டிவி வைக்கவும் மது பாட்டில் அடுக்கவும் பயன்படுத்தியிருக்கிறார். 2013-இல் பிரான்சில் ஏலம் விடப்பட்டபோது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 73 லட்சம் யூரோ கொடுத்தது. அடையாளம் தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

#2 — அந்திமந்தாரை

நல்ல தொடக்கம். ஒரு அடிப்படைக் கேள்வி: தமிழில் இதை 'அரக்கு' என்று எழுதலாமா? பல கட்டுரைகளில் 'ஜப்பானிய அரக்கு வேலை' என்றுதான் பார்க்கிறேன். இன்னொன்று, பழைய லாக்கரைத் தொட்டால் தோல் அரிக்கும் என்கிறார்களே, உண்மையா?

#3 — ரசாயனக்குடுவை

'அரக்கு' என்று எழுதாதீர்கள். தவறு வெறும் சொல்லில் நிற்காது, பழுதுபார்ப்பு வரை கொண்டுபோய் விடும்.

நம் அரக்கு பூச்சி தருவது. கொம்பரக்கைச் சுத்தம் செய்தால் ஷெல்லாக். ஸ்பிரிட்டில் கரையும், ஸ்பிரிட் பறந்ததும் காயும், மறுபடி ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். 'லாக்கர்' என்ற சொல்லே இந்த 'லாக்ஷா'விலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஐரோப்பியர் ஜப்பானியப் பொருளைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த இந்தியச் சரக்கின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கே ஆரம்பம்.

ஜப்பானியர் பூசுவது உருஷி, ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து வயது மரத்தில் ஜூன் முதல் இலையுதிர்காலம் வரை கீறல் போட்டு எடுப்பார்கள். ஒரு பருவம் முழுக்க எடுத்தாலும் ஒரு மரத்துக்குச் சுமார் 200 மில்லிதான். பிறகு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள், அடிக்கட்டையிலிருந்து புதுக்குருத்து வரும். பாலில் 60–65 சதவீதம் உருஷியால், 20–30 சதவீதம் தண்ணீர், மீதி பிசினும் புரதமும், ஒரு சதவீதத்துக்கும் குறைவாக லாக்கேஸ் என்ற நொதி.

அந்த நொதிதான் எல்லாம். உருஷி வெயிலில் காயாது. 20–25 டிகிரி வெப்பமும் 70–80 சதவீத ஈரப்பதமும் உள்ள மரப்பெட்டிக்குள் வைத்தால், நொதி காற்றின் ஆக்சிஜனை இழுத்து உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். ஈரத்தில்தான் காயும் என்பதைப் புதிதாகக் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். பூச்சு கனமாகிவிட்டால் மேல்தோல் முதலில் இறுகி, அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு சுருக்கம் விழும். அதனால் ஒரு பூச்சு தலைமுடியை விட மெல்லிசு. இறுகிய உருஷி ஸ்பிரிட்டிலும் கரையாது, அசிட்டோனிலும் கரையாது.

அரிப்பு பற்றி: இறுகாத பால்தான் கொப்புளம் போடும். முந்நூறு வருட அலமாரி ஒன்றும் செய்யாது. உருஷி மரம் நம் சேங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் சேர்ந்த குடும்பம். வண்ணார் துணியில் குறிபோடச் சேங்கொட்டைப் பாலைத் தொட்டு வைப்பார்களே, கறுத்து அழியாமல் நிற்கும், கையில் பட்டால் வெந்துவிடும். ஏறக்குறைய அதே வேதியியல்தான். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்யும் 'காஷூ' பெயின்ட் ஜப்பானில் உருஷிக்கு மலிவு மாற்றாக ஓடுவதும் இதனால்தான். பழைய பொருளில் 20-ஆம் நூற்றாண்டில் செய்த மலிவுப் பழுதுகளில் அது தட்டுப்படும்.

#4 — தச்சுமனை

குடுவை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ஜப்பானிய லாக்கர்' என்றால் உள்ளே எல்லாம் ஒரே தரம் என்று நினைக்கக்கூடாது.

ஜப்பானிய மேல்தட்டுக்குச் செய்த பெட்டியின் அடுக்கு இப்படி. ஹினோக்கி மரப்பலகை. இணைப்புப் பள்ளங்களில் உருஷியும் மரத்தூளும் குழைத்த கொகுசோ அடைப்பு. அதன்மேல் உருஷிப் பசையால் ஒட்டிய சணல் துணி, மரம் அசைந்தாலும் மேலே வெடிப்பு வராமல் தாங்குவது இதுதான். பிறகு களிமண் தூளும் பச்சை உருஷியும் கலந்த 'ஷிடாஜி' எனும் அடிப்பூச்சு பல தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் கல்லால் தேய்ப்பு. நடுப்பூச்சு, மேல்பூச்சு, கரித்துண்டு கொண்டு நீரில் தேய்ப்பு, கடைசியில் கையால் மெருகு. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மாதக்கணக்கு.

ஏற்றுமதிச் சரக்கில் இது நடக்கவில்லை. கப்பல் கிளம்பும் தேதி காத்திருக்காது, விலையும் பேசி முடிந்தது. துணி பல இடங்களில் இல்லை, இணைப்பு மேல் மட்டும் ஒரு பட்டை இருக்கும். அடிப்பூச்சில் உருஷிக்குப் பதில் விலங்குப் பசையும் களிமண்ணும், அல்லது பேரிச்சீமைக்காயின் துவர்ச்சாறும் கரியும். அதன்மேல் ஒன்றிரண்டு உருஷிப் பூச்சு. முகம் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் பலமில்லை. இன்று உரிந்து நிற்கும் அலமாரிகளில் பல அந்தப் பசை அடிப்பூச்சில்தான் பிரிகின்றன.

பாலும் முழுக்க ஜப்பானியது அல்ல. சயாம், கம்போடியாப் பக்கத்திலிருந்து வேறு இன மரப்பால் நாகசாகிக்கு இறங்கியது. ஏற்றுமதிப் பொருள்களை ஆய்வகத்தில் சோதித்தபோது கீழ் அடுக்குகளில் பர்மா வகைத் தித்சியால், வியட்நாம் வகை லாக்கால் இரண்டும் அகப்பட்டிருக்கின்றன. ஆக, 'தூய ஜப்பான் உருஷி' என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

#5 — அந்திமந்தாரை

"பேரிச்சீமைக்காய்" என்றால் பெர்சிமன் பழம்தானே? குழம்பிவிட்டேன்.

ஏலத்துக்கு முன் பார்வையிட அரை மணிநேரம்தான் கொடுப்பார்கள். ஆய்வகத்துக்கு வழியில்லை. டார்ச்சும் லென்ஸும் வைத்துக்கொண்டு எதைப் பார்க்க வேண்டும்?

#6 — தச்சுமனை

ஆம், பெர்சிமன். பச்சைக் காயைப் பிழிந்து புளிக்கவைத்த சாறு. என் சொல் தேர்வு சரியில்லை, பெர்சிமன் என்றே வைத்துக்கொள்வோம்.

#7 — கீழ்த்திசைக்கப்பல்

அரை மணிநேரம் போதும். முகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இழுப்பறையை வெளியே எடுத்து அடியும் பின்புறமும், பிறகு உலோகம், பிறகு பொன்.

இழுப்பறை ஓக் மரமாக இருந்தால் உடம்பு ஐரோப்பியது. ஜப்பானிய வேலை இலேசான ஊசியிலை மரம், எடுத்தால் கை எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவு. உட்புறமும் பின்முதுகும்கூட ஏதோ ஒரு பூச்சு கண்டிருக்கும். ஐரோப்பியப் போலியில் முதுகு வெறும் மரமாக விடப்பட்டிருக்கும், சுவரோரம் நிற்பதுதானே என்ற எண்ணம்.

உலோகம்: அசல் கீலும் பூட்டுத் தகடும் பொன் முலாம் பூசிய செம்பு, பூ வேலைப்பாடு வெட்டியிருக்கும். பின்புலத்தில் மீன்முட்டை பரப்பியதுபோல் சிறு சிறு வட்டக் குத்துகள், 'நனாகோ' என்பார்கள். இறுக்கியிருப்பது உருண்டைத் தலை ஆணிகளால். திருகாணி கண்டால் அந்த இடம் ஐரோப்பாவில் திறந்து மூடப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நிராகரிக்க வேண்டாம். பூட்டு மாற்றாத அலமாரி அபூர்வம்.

பொன்: பத்து மடங்கு லென்ஸ். மாக்கி-ஏ என்பது தூவும் வேலை. சிவப்பு இரும்புத்தூள் கலந்த உருஷியால் எலிமுடித் தூரிகை கொண்டு கோடு இழுத்து, அது பாதி இறுகும் பதத்தில் மூங்கில் குழாயைத் தட்டிப் பொன்தூளை விழவைப்பார்கள். அதனால் லென்ஸில் தனித்தனி மணிகள் தெரியும். தேய்ந்த இடத்தில் அடியில் செம்பழுப்புக் கோடு எட்டிப்பார்க்கும், அது நல்ல அறிகுறி. ஐரோப்பியப் போலியில் பிசினில் குழைத்த தூளைத் தூரிகையால் தீட்டியிருப்பார்கள், தூரிகை போன தடம் தெரியும். தூள் பித்தளையாக இருந்தால் இந்நேரம் பழுப்போ பச்சையோ ஏறியிருக்கும். பொன் கறுக்காது. ஆனால் ஜப்பானியரும் வெள்ளித்தூள் போட்டார்கள், அது கறுத்திருக்கும். கறுப்பைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

மேடு: பாறை, மரத்தண்டு போன்றவை எழும்பி நிற்கும் இடத்தில் ஜப்பானியர் உருஷியும் கரித்தூளும் களிமண்ணும் வைத்து உயர்த்தினார்கள். ஐரோப்பாவில் கருவேலம் பிசின் வகையும் சுண்ணத்தூளும். பின்னது வறண்ட பொருக்குபோல் உதிரும், உடைந்த வாயில் வெள்ளை தெரியும்.

தாங்கி (ஸ்டாண்டு) எப்போதும் ஐரோப்பியது. ஜப்பானியர் தரையில் அமர்ந்தவர்கள். இந்த அலமாரிகள் மேசைமேல் வைக்கும் பெட்டிகளாக வந்தன. பொன்பூசிய செதுக்குக்கால் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் செய்து வைத்தது. லண்டனை ஒட்டிய ஹாம் ஹவுஸில் அந்த ஜோடியை அப்படியே காணலாம்.

கடைசியாக 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டில் அடித்தால் உருஷி மங்கலாக, ஏறக்குறைய ஒளியில்லாமல் கிடக்கும். ஷெல்லாக் ஆரஞ்சு நிறத்தில் எரியும். சாண்டரக், டம்மர் மாதிரிப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சள். முழு முகமும் ஆரஞ்சு என்றால் போலி என்று உடனே சொல்லாதீர்கள், அசலின் மேல் யாரோ ஷெல்லாக் தடவியிருக்கலாம். உரிந்த ஓரத்தில், கீலின் அடியில், இழுப்பறையின் உள் ஓரத்தில் அடித்துப் பாருங்கள். அங்கெல்லாம் தூரிகை போயிருக்காது.

#8 — பழவேற்காடு_கரை

சீனப் பொருளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'கோரமண்டல் ஸ்க்ரீன்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு நம் கரையில் செய்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தது சீனா. கனமான அடிப்பூச்சின் மேல் கறுப்பு லாக்கர், அதைக் கத்தியால் வெட்டிப் பள்ளத்தில் வண்ணம் நிரப்பிய மடக்குத் திரைகள். கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் சரக்கை மாற்றி ஏற்றியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உற்பத்தியில் நமக்குப் பங்கில்லை, சுங்கத்தில் இருந்திருக்கலாம்.

ஜப்பானியதோடு குழப்பம் வர வழியே இல்லை. ஜப்பான் வேலை பரப்பின் மேல் எழும், கோரமண்டல் பரப்புக்குள் இறங்கும். விரலால் தடவாமலே சாய்வொளியில் தெரியும்.

#9 — தச்சுமனை

நாலாவது வகைக்கு வருகிறேன், பாரிஸ் வெட்டு.

பாரிஸில் மரவேலை சங்கம் கறார். யார் செய்யலாம் என்று விதி. மார்ஷான்-மெர்சியே என்ற சொகுசுப் பண்ட வியாபாரிகள் தாங்களே செய்யக்கூடாது, ஆனால் எதையும் விற்கலாம், எதையும் செய்யச் சொல்லலாம். ஜப்பானிய அலமாரியை வாங்கிக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். எபெர் என்ற வியாபாரி 1737-இல் ராணி மரி லெக்ஸின்ஸ்காவுக்காக ஃபோன்தென்புளோ அரண்மனையில் கொடுத்த கொமோட் (இழுப்பறைகள் உள்ள தாழ்வான அலமாரி) இந்த வகையில் நமக்குத் தெரிந்த முதல் பொருள். செய்தவர் இரண்டாம் பெர்னார் வான் ரைசன்பர்க், இப்போது லூவரில் இருக்கிறது. அவர் முத்திரை பி.வி.ஆர்.பி.

முறை இது. கதவின் வெளிமுகத்திலும் உள்முகத்திலும் ஓவியம் உண்டு. கதவைத் தடிமனுக்கு நடுவே ரம்பத்தால் பிளந்தால் ஒரு கதவிலிருந்து இரண்டு முகம். பிறகு பின்பக்க மரத்தை இழைப்புளியால் சீவிச் சீவி, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் விடுவார்கள். அதைச் சூடும் ஈரமும் காட்டி, முன்னால் வளைந்து பக்கத்திலும் வளையும் கொமோட் உடம்பின் மேல் விலங்குப் பசையால் ஒட்டி, அச்சுப்பலகையும் மணல்மூட்டையும் வைத்து அழுத்துவது. ஒரு திசை வளைவுக்கு லாக்கர் ஒத்துழைக்கும். இரண்டு திசை வளைவு கேட்டால் வெடிக்கும். வெடித்த இடத்தின் மேல்தான் பொன்முலாம் வெண்கலக் கொடி ஏறுகிறது. வெண்கல வேலைப்பாட்டின் நெளிவைப் பார்த்து மெய்மறக்கும்போது, அது எந்த இணைப்பை மறைக்கிறது என்றும் பாருங்கள். பலகை போதாத ஓரங்களில் கறுப்பு வார்னிஷ், ஓவியம் பாதியில் நின்றால் தொடர்ச்சியும் வார்னிஷில். அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் மார்த்தான் சகோதரர்கள். 1730-இல் அரச உரிமம் வாங்கியவர்கள், பூச்சு கோபால் (copal) என்ற மரப்பிசின்.

ஆக ஒரே முகத்தில் உருஷியும் வார்னிஷும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றுக்குச் சரியான திரவம் மற்றதைக் கரைத்துவிடும். பாரிஸ் பொருள்களைச் சுத்தம் செய்வதில் ஆகப்பெரிய ஆபத்து இதுதான்.

பிற்பாடு நேர்கோட்டு ரசனை வந்ததும் வளைக்கும் தொல்லை போயிற்று. ரீசெனர் என்ற பாரிஸ் தச்சர் 1783-இல் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்துக்காகச் செய்த எழுத்தலமாரியும் கொமோட்டும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. தட்டைப் பலகைகள் சட்டத்துக்குள் நிற்கின்றன. லூவரில் உள்ள மேசை, 1784, வைஸ்வைலர் என்ற தச்சர் செய்தது, தாகெர் என்ற வியாபாரி வழியாக வந்தது. இவற்றில் லாக்கர் நிலை வளைந்த கொமோட்டுகளைவிட நன்றாக இருப்பதற்குக் காரணம் ரசனைதான், தொழில்நுட்ப முன்னேற்றம் எதுவும் இல்லை.

#10 — அந்திமந்தாரை

மரி அந்துவானெத் லாக்கர் சேகரிப்பு என்று சொல்வது இந்த மேசை நாற்காலிகளையா?

#11 — கீழ்த்திசைக்கப்பல்

இல்லை. அது சிறு பெட்டிகள். தாயார் மரியா தெரேசா 1780-இல் இறந்தபோது உயிலில் ஐம்பது விட்டுப்போனார், மகள் மேலும் சேர்த்தார். நாய், கோழி, விசிறி வடிவங்கள்கூட உண்டு. 1789 அக்டோபரில் வெர்சாயை விட்டுப் போகும்போது தாகெரிடம் ஒப்படைத்ததால் தப்பின. இப்போது வெர்சாய், லூவர், கீமே ஆகிய மூன்று மியூசியங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. அறுபடாமல் முழுதாக இருப்பதால் ஆய்வுக்கு அவைதான் தங்கம். கப்பல் கணக்கில் இல்லாமல் உள்ளூர் ரசனைக்குச் செய்த தரம் பலவற்றில் தெரியும்.

#12 — நிழல்மாடம்

வாங்குவது பற்றியே பேசுகிறீர்கள். வாங்கியபின் கெடுப்பது எப்படி என்று நான் சொல்கிறேன்.

வெளிச்சம்தான் முதல் எதிரி. மியூசியத்தில் லாக்கருக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு). ஒருநாள் 8 மணிநேரம் திறந்திருந்தால் 400 லக்ஸ்-மணி. வீட்டு ஜன்னலோரம் நேர்வெயில் இல்லாமலே 5,000 லக்ஸ் சாதாரணம், அது இரண்டு மணிநேரம் என்றால் 10,000. அதாவது மியூசியத்தில் 25 நாளில் படும் ஒளி, ஜன்னலோரம் ஒரே நாளில். கணக்கு இவ்வளவுதான்.

ஒளி, முக்கியமாகப் புற ஊதா, மேல்பரப்பை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் பரவும், பளபளப்பு போய்க் கறுப்பு பழுப்பாகும். உடைந்த துண்டுகள் அமிலத்தன்மை கொண்டவை, தண்ணீரில் கரையக்கூடியவை. இங்கேதான் பலர் தலையில் கல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். "உருஷி தண்ணீருக்கு அசையாது, சூப் கிண்ணத்துக்கே பூசுகிறார்கள்" என்று படித்துவிட்டு ஈரத்துணியால் துடைப்பார்கள். ஒளியில் அடிபட்ட பரப்பில் ஈரம் பட்டால் வெள்ளைத் திட்டு, சொட்டு காய்ந்த வட்டம், திரும்ப வராது. எச்சில் தொட்ட பஞ்சும் அதே கதை. மழுங்கலாகத் தெரியும் பரப்பில் தண்ணீர், ஸ்பிரிட் இரண்டையும் மறந்துவிடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி மட்டும். அதுவும் பொன் உதிரவில்லை, சிப்பி எழும்பவில்லை என்று லென்ஸில் பார்த்தபின்.

இரண்டாவது ஹீட்டர். ஐரோப்பியக் குளிர்காலத்தில் அறை ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கும். 60-இலிருந்து 30-க்கு வந்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி குறையும். 60 செ.மீ. அகலப் பலகை, அறுத்த திசையைப் பொறுத்து, 3 முதல் 7 மி.மீ. சுருங்கும். லாக்கர் அந்த அளவு சுருங்காது. மிச்சமான தோல் கூடாரம்போல் மேலே எழும். எழும்பிய முகடு யாராவது துணியால் துடைக்கும்போது ஒடியும், துண்டு தூசிப்பையில் போய்ச் சேரும். 50 முதல் 60-க்குள் ஒரே சீராக வைப்பதுதான் மருந்து. அந்த வரம்புக்குள் எந்த எண் என்பதைவிட அசையாமல் இருப்பது முக்கியம்.

#13 — ரசாயனக்குடுவை

நிழல்மாடத்துக்கு ஒரு துணைச்சான்று. 1873 வியன்னா உலகக் கண்காட்சியிலிருந்து திரும்பிய பொருள்களோடு 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல் 1874 மார்ச்சில் இஸூ தீபகற்பத்தருகே மூழ்கியது. அடுத்த ஆண்டு கடலடியிலிருந்து எடுத்த லாக்கர் பொருள்கள் கெடாமல் இருந்தது பிரசித்தம். ஒரு வருடத்துக்கு மேல் உப்புநீரில் கிடந்து தப்பியது, வரவேற்பறையில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு வெளுக்கிறது. வித்தியாசம் ஒளிதான். கடலடியில் இருட்டு. அந்தப் பொருள்கள் அதற்குமுன் பெட்டிக்குள் துணி சுற்றி வாழ்ந்தவை.

#14 — மெருகுக்கல்

சரி, ஆனால் இவ்வளவு பயப்படுத்தினால் யாரும் எதையும் பழுதுபார்க்க மாட்டார்கள். மழுங்கிய பரப்புக்கு ஜப்பானில் வழி இருக்கிறது, உருஷி-கத்தாமே. தூசி நீக்கிய பரப்பில், கரைப்பானில் நீராகக் கரைத்த உருஷியைத் தடவி, நுண்வெடிப்புக்குள் இறங்கவிட்டு, மேலே நிற்பதை ஒரு தடமும் இல்லாமல் துடைத்தெடுத்து, ஈரப்பெட்டியில் காயவைப்பது. தேவைப்பட்டால் மறுபடி. வெடிப்பு மூடும், தண்ணீர் உள்ளே போகாது, கறுப்பு ஆழமாகும். எழும்பிய தோலுக்கு முகி-உருஷி: கோதுமை மாவைக் கொஞ்சம் தண்ணீரில் பிசைந்து, ஏறக்குறைய சம எடை பச்சை உருஷி சேர்த்து இழுபதமாக்கி உள்ளே செலுத்துவது. சட்டத்துக்குள் பொருளை வைத்து, மூங்கில் குச்சிகளை வில்லாக வளைத்து அழுத்தம் கொடுக்கும் ஷிம்பாரி. அது காய வாரக்கணக்கில் ஆகும், குச்சியை அவசரமாக எடுத்தால் திரும்ப எழும்பும். பொருள் எதனால் ஆனதோ அதனாலேயே பழுது என்பதுதான் அறம்.

#15 — நிழல்மாடம்

அறம் சரி, அலமாரி யாருடையது? மூன்று சிக்கல். உருஷி உள்ளே போனால் வெளியே எடுக்கவே முடியாது, நாளை ஆய்வகத்தில் எது 1650, எது 2020 என்று பிரிப்பது கஷ்டம். ஐரோப்பியப் பொருளில் மேலே ஷெல்லாக்கோ கோபாலோ இருந்தால் உருஷி அதன்மேல் போய் அழுக்கையும் சேர்த்து நிரந்தரமாகப் பூட்டிவிடும். மூன்றாவது, தச்சுமனை சொன்ன பசை அடிப்பூச்சு. அங்கே பிரிவது களிமண் அடுக்கில், அதற்கு மீன்பசையோ விலங்குப்பசையோ நீர்த்த பதத்தில் இளஞ்சூட்டில் செலுத்தினால் போதும், பின்னால் மீட்டெடுக்கலாம். உருஷி அந்த இடத்தில் அடுத்த அடுக்கைவிடக் கெட்டியாகி, பக்கத்தில் புதுப் பிரிவை உண்டாக்கும்.

#16 — தச்சுமனை

இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். மெருகுக்கல் மனதில் இருப்பது ஷிடாஜி முழுக்க உருஷியில் செய்த பெட்டி. நிழல்மாடம் மனதில் இருப்பது டச்சு அலமாரி. மசரின் பேழைக்கு 2004 முதல் 2008 வரை லண்டனில் நடந்த பராமரிப்பில் ஜப்பானிய நிபுணரும் மியூசியத்தாரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் எது பொருந்தும் என்று சோதித்து முடிவெடுத்தார்கள், ஒரு கட்சி மட்டும் ஜெயிக்கவில்லை.

என் சார்பு எதுவென்றால்: மேல் வார்னிஷ் முழுக்க நீங்கியது உறுதியாகாத வரை உருஷி-கத்தாமே கூடாது. சிப்பி, உலோகப் பதிப்பு தளர்ந்தால் பசை. தோல் எழும்பல் அடிப்பூச்சைப் பார்த்து. பாரிஸ் வேனீர் (சீவி ஒட்டிய மெல்லிய பலகை) என்றால் உருஷியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அடியில் இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் மரம், அதன்கீழ் பிரெஞ்சுப் பசை. ஈரப்பெட்டியின் 75 சதவீதத்தில் அந்தப் பசை இளகி முகமே கழன்று வரும்.

#17 — மெருகுக்கல்

கடைசி வரியை ஏற்கிறேன். ஈரப்பெட்டியை யோசிக்கவில்லை. முதல் வரியில் உடன்பாடில்லை, வார்னிஷ் 'முழுக்க' நீங்கியது என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. பொன்வேலைப் பள்ளங்களில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். புற ஊதாவில் வெற்றுக் கறுப்பு வெளியாவது இருண்டு கிடந்தால் அங்கே மட்டும் செய்யலாம் என்பேன்.

#18 — அந்திமந்தாரை

எடுத்துவரும்போது என்ன செய்வது? குமிழ் பிளாஸ்டிக் சுற்றலாமா?

#19 — நிழல்மாடம்

குமிழ் பரப்பில் படக்கூடாது, வட்ட வட்டமாகத் தடம் விழும். முதல் சுற்று அமிலமில்லாத மெல்லிய தாள், அதுவும் எழும்பிய தோல் இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல். கதவைத் திறந்து, இழுப்பறைகளை எடுத்துத் தனித்தனியாகக் கட்டுங்கள். வரிசை எண்ணைத் தாளில் எழுதிக் கட்டின்மேல் வையுங்கள், பொருளில் எதையும் ஒட்டாதீர்கள். டேப் இழுத்தால் பொன்னும் சேர்ந்து வரும். தாங்கியையும் அலமாரியையும் பிரித்தே தூக்க வேண்டும், கைப்பிடி வளையத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள், அடிப்பலகையில் கை கொடுங்கள். வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் அறையிலேயே ஒரு நாள் விடுங்கள். குளிர்ந்த பரப்பில் அறைக்காற்றின் ஈரம் வியர்த்தால், மேலே சொன்ன வெள்ளைத் திட்டு முதல் நாளே வந்துவிடும்.